திங்கட்கிழமை டிக்கெட்

கல்லிடைக்குறிச்சி,
பிப்ரவரி 20

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஊர் வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. திருக்குறள் எக்ஸ்பிரஸில் மடங்கிக் கிடந்த முதுகு இப்போதுதான் நிமிர்ந்தது. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. வந்த அன்றே போய் முங்கிக் குளித்துவிட்டேன். உங்கள் ஊர் கீசர் தண்ணீரில் பத்து நாள் குளித்தும் குளித்த மாதிரியே இல்லை.

நீ டிக்கெட் போட்டுக் கொடுத்த டெல்லி பஸ் டூர் கதையைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் குதுப்மினாருக்குப் பக்கத்தில் வரும்போதே நீ, "அப்பா, ஒரு மீட்டிங், அப்புறம் கூப்பிடுதேன்" என்பாய். கோபத்தில் எழுதவில்லை. அன்று ராத்திரி டூர் முடிந்து வந்து சோபாவில் உட்கார்ந்து நான் சொல்ல ஆரம்பித்தேன். இரும்புத் தூணுக்கு வருவதற்குள் நீ மடியில் லேப்டாப்போடு தூங்கிவிட்டாய். மாப்பிள்ளைதான் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மிச்சக் கதை என்னிடமே தங்கிவிட்டது. அதை இறக்கி வைக்கத்தான் இந்தக் கடிதம்.

ஒன்பது வருஷமாக டெல்லியில் இருக்கிறாய். குதுப்மினாரை மெட்ரோ ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி என்றாய். சரி, அப்படியென்றால் உன் ஊரைப் பற்றி நான் சொல்கிறேன், கேள்.

முதலில் பஸ். 32 வருஷம் கண்டக்டராக நின்றுகொண்டே போனவனை ஜன்னலோரத்தில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய்? கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தோளில் பை இல்லாதது தோளே இல்லாத மாதிரி இருந்தது. கனாட் பிளேஸில் மாப்பிள்ளை ஏற்றிவிட்டுப் போனதும், ஏறிய ஆட்களை எண்ணிவிட்டேன். 27 பேர். கைடு, சின்னப் பையன், கையில் மைக். அவனும் எண்ணினான், முன் சீட்டிலிருந்து பின்னால். அது தப்பு. பின்னாலிருந்துதான் எண்ணிக்கொண்டு வர வேண்டும். முன்னாலிருந்து போனால், வாசலில் இறங்கி ஏறுகிறவன் கணக்கைக் குழப்பிவிடுவான். ஆனாலும் பையன் கெட்டிக்காரன். தொண்டை கட்டியிருந்தும் ஒரு இடத்திலும் சலிப்புக் காட்டவில்லை. அவன் பேசியது இந்தியும் இங்கிலீஷும். பக்கத்து சீட்டில் பாலக்காட்டு ரிட்டயர்டு டீச்சர் ஒருவரும் அவர் வீட்டம்மாவும் இருந்தார்கள். புரியாத இடத்தில் அவர் தமிழில் சொன்னார். அவருடைய தமிழ் புரியாத இடத்தில் வீட்டம்மா சொன்னார்கள்.

குதுப்மினாருக்குப் போகும்போது லேசாகப் பனி இருந்தது. மேல் தட்டு தெரியவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அது பாட்டுக்கு வானத்துக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. 72.5 மீட்டர். நம்ம கணக்கில் 238 அடி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமே 192 அடிதான் என்று டீச்சரிடம் சொன்னேன். 800 வருஷத்துக்கு முன்னால் குத்புதீன் ஐபக் ஆரம்பித்து, மருமகன் இல்துத்மிஷ் மேலே கட்டி, அப்புறம் இடி விழுந்து உடைந்ததை ஃபிரோஸ் ஷா துக்ளக் சரி பண்ணினாராம். மாமனார் ஆரம்பித்த வேலையை மருமகன் முடிப்பதெல்லாம் ராஜா வீட்டில்தான் நடக்கும் போல. (இதை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டாதே.)

உள்ளே 379 படி. இப்போது ஒருத்தரையும் ஏற விடுவதில்லை. ஏன் என்று கேட்டேன். 1981 டிசம்பரில் உள்ளே கூட்டமாக ஏறியிருந்தபோது கரண்ட் போய்விட்டது. இருட்டில் நெரிசலாகி 45 பேர் செத்தார்களாம், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கைடு ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்துவிட்டான். எனக்குக் கால் வரவில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து டிரிப்பில், அம்பாசமுத்திரத்தில் பிள்ளைகள் ஏறும்போது 60 பேர் கொள்ளுகிற வண்டியில் 110 பேரை அடைத்துக்கொண்டு போயிருக்கிறேன். அடுத்த வண்டி வராது, என்ன செய்ய? "உள்ள போ, உள்ள போ" என்று நானே தள்ளியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை என்றால் அது என் சாமர்த்தியம் இல்லை, காந்திமதியம்மன் பார்த்துக்கொண்டாள். அந்தக் கதவுப் பூட்டை ஒருதடவை தொட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. காவலுக்கு நின்ற ஆள் விடவில்லை.

பக்கத்தில் பள்ளிவாசல். அதன் தூண்களில் சங்கிலியும் மணியும் செதுக்கியிருக்கிறது, நம்ம கோயில் மண்டபத்துத் தூண் மாதிரியே. 27 கோயில்களின் கல் என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறதாம். இதைச் சொன்னதும் பஸ் ஆட்களில் ரெண்டு பேருக்குள் பேச்சு முற்றிவிட்டது. கைடு நைசாக எல்லாரையும் இரும்புத் தூண் பக்கம் ஓட்டிக்கொண்டு போனான். அந்த வித்தை எனக்குப் பிடித்தது. சில்லறைச் சண்டை வந்தால் நானும் அப்படித்தான், "அடுத்த ஸ்டாப் வீரவநல்லூர், வீரவநல்லூர் இறங்கு" என்று கத்திவிடுவேன், ஸ்டாப் வர இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருந்தாலும்.

அந்த இரும்புத் தூண் 23 அடிக்கு மேல். ஆறு டன்னுக்கு மேல் எடை. 1,600 வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்றும் துருப் பிடித்து அரிக்கவில்லை. இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாக இருப்பதால் மேலே மெல்லிசாக ஒரு படலம் படிந்து அதுவே காப்பாற்றுகிறதாம். பாலசுப்ரமணியம் என்று கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஒருவர் ஆராய்ச்சி பண்ணிச் சொன்னது என்று மாப்பிள்ளை பிறகு போனில் பார்த்துச் சொன்னார். முன்பெல்லாம் தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் வளைத்துக் கட்டிப் பிடித்தால் நினைத்தது நடக்கும் என்று ஜனங்கள் செய்வார்களாம். 1997இல் வேலி போட்டுவிட்டார்கள். நம்ம வீட்டு இரும்புக் கேட்டுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தும் அடியில் உதிர்கிறது. இதை அந்தக் கொல்லனிடம் காட்ட வேண்டும் என்று உங்கள் அம்மா சொல்கிறாள். எந்தக் கொல்லனிடம் என்று நான் கேட்கவில்லை.

தாமரைக் கோயிலுக்கு வந்தோம். கேட் பூட்டியிருக்கிறது. திங்கட்கிழமை லீவாம். வேலிக்கு வெளியே நின்று ஆளுக்கொரு போட்டோ. வெள்ளை மொட்டு ஒன்று அரை குறையாக விரிந்த மாதிரி இருந்தது. அத்தோடு சரி.

அதைவிட வயிற்றெரிச்சல் செங்கோட்டை. அதுவும் திங்கட்கிழமை லீவு. டிக்கெட் விற்றவர்களுக்கு இது தெரியாதா? செங்கோட்டை என்று போட்டு, படமும் போட்டுப் பணம் வாங்கியிருக்கிறார்கள். கேட்டால், "வெளியிலிருந்து பார்ப்பதும் பார்ப்பதுதானே" என்கிறான் ஆபீஸ்காரன் போனில். நான் பாபநாசத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு விக்கிரமசிங்கபுரத்தில் இறக்கிவிட்டு, "இங்கிருந்து பார், மலை தெரிகிறதே" என்று சொன்னால் என்ன ஆகும்? மெமோதான். நீ இதற்காக வருத்தப்படாதே. உனக்கு அந்தத் திங்கட்கிழமை விட்டால் புக் பண்ண நாள் இல்லை. சொல்ல வேண்டியது அவர்கள்.

நடுவில் ஹுமாயூன் சமாதி. நான் வந்து இறங்கிய நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இத்தனை பெரிய கட்டடத்தை விட்டுவிட்டு, உன் ஆட்டோவை ஏழாம் நம்பர் கேட்டிலா எட்டாம் நம்பர் கேட்டிலா என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். தோட்டத்தை நாலு கட்டமாக வாய்க்கால் வெட்டிப் பிரித்து, நடுவில் சிவப்புக் கல்லும் வெள்ளைப் பளிங்கும். தாஜ்மஹாலுக்கு முன்னாடி வந்தது, 1570 வாக்கில் கட்டி முடித்தது. தாஜ்மஹாலைப் புருஷன் பெண்டாட்டிக்குக் கட்டினான். இது பெண்டாட்டி புருஷனுக்குக் கட்டியது. இங்கே வந்து உங்கள் அம்மாவிடம், "நீ எனக்கு என்ன கட்டுவ?" என்று கேட்டேன். "ரயிலுக்குக் கட்டுச்சோறு கட்டித் தந்தேனே, அது பத்தாதாக்கும்?" என்கிறாள்.

ஆனால் என்னை உலுக்கியது ஹுமாயூன் செத்த கதை. யுத்தத்தில் இல்லை. 1556இல், புராணா கிலாவில் அவருடைய புத்தக மாளிகைப் படியில் இறங்கி வந்திருக்கிறார். பாங்கு ஒலி கேட்டிருக்கிறது. படியிலேயே மண்டியிடப் போயிருக்கிறார். அங்கியில் கால் சிக்கி உருண்டுவிட்டார். எத்தனை நாட்டை இழந்து, பாரசீகம் வரைக்கும் ஓடி, திரும்பி வந்து பிடித்த மனுஷன். 32 வருஷம் நான் கத்தியது ஒரே வார்த்தைதானே, "படியில நிக்காத, மேல ஏறு." டெல்லி பாதுஷாவுக்கே சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. பஸ்ஸில் இதைச் சத்தமாகச் சொன்னேன். டீச்சர் மொழிபெயர்த்தார். டிரைவர் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. அதே சமாதியில்தான் 1857இல் கடைசி பாதுஷா பகதூர் ஷா ஒளிந்திருந்து வெள்ளைக்காரனிடம் பிடிபட்டாராம். ரங்கூனுக்குக் கொண்டுபோய், 1862இல் அங்கேயே செத்தார். ஹுமாயூன் சமாதியிலேயே மொகலாயர் டிரிப் முடிந்துவிட்டது பார்.

சாப்பாடு ராஜ்மாவும் சோறும். வேறென்ன சொல்ல.

இந்தியா கேட்டில் வெயில் நன்றாக அடித்தது. 1931இல் திறந்தது, 42 மீட்டர். உடம்பு முழுக்க வெள்ளைக்காரன் பட்டாளத்தில் செத்த நம் ஆட்களின் பேர், 13,000க்கு மேல். அதற்குப் பின்னால் தூண் வைத்த ஒரு மண்டபம் இருக்கிறது. அதில் இப்போது நேதாஜி கருங்கல்லில் நிற்கிறார், 2022இல் வைத்தது. முன்பு அங்கே இருந்தது ஐந்தாம் ஜார்ஜ். அந்தப் பேரைக் கைடு சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மக்கா, உனக்கு ஞாபகம் இருக்கிறதா, மணியாச்சியில் வண்டி நிற்கும்போதெல்லாம் நான் சொல்வேனே? 1911 ஜூன் 17, கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டான். தன்னையும் சுட்டுக்கொண்டான். அவன் பையில் இருந்த கடிதத்தில் இந்த ஐந்தாம் ஜார்ஜ் பேர்தான் இருந்தது. அந்த ராஜாதான் அதே வருஷம் டிசம்பரில் டெல்லியில் தர்பார் வைத்து, கல்கத்தாவில் இருந்த தலைநகரம் இங்கே வருகிறது என்று அறிவித்தது. நீ வேலை பார்க்கிற ஊர் தலைநகரம் ஆனதே அப்படித்தான்.

இதைக் கைடிடம் சொல்ல வேண்டும் என்று தவித்தேன். டீச்சர் கேட்டுக் கேட்டுச் சொன்னார். வாஞ்சிக்கு எந்த ஊர் என்றான். "செங்கோட்டை" என்றேன். பையன் குழம்பிப்போய், அடுத்தது அங்கேதான் போகிறோம் என்று கையைக் காட்டினான். டீச்சர் ரெட் ஃபோர்ட் என்று சொல்லிவிட்டார் போலிருக்கிறது! நமக்குச் செங்கோட்டை என்றால் சாரலும் பார்டர் புரோட்டாவும். அது வேறு, இது வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. மேப்பில் தென்காசிப் பக்கம் காட்டினேன். அவன் தன் போனில் குறித்துக்கொண்டான். அடுத்த டிரிப்பில் அவன் இதைச் சொல்வான், பார்.

பூட்டிய கோட்டையை வெளியிலிருந்து பார்த்தோம். ஷாஜகான் 1639இல் ஆரம்பித்து ஒன்பது வருஷத்தில் முடித்தது. ஆகஸ்ட் 15க்கு டிவியில் பார்க்கிற அதே வாசல். டிவியில் இன்னும் பெரிதாகத் தெரியும். பிறகு சாந்தினி சௌக்கில் நாற்பது நிமிஷம் விட்டான். ஒரு ஜிலேபி தின்றேன், டாக்டரிடம் சொல்லாதே. திரும்பி வந்து ஏறியதும் கைடு முன்னாலிருந்து எண்ணிவிட்டு, சரி, போகலாம் என்றான். நான் பின்னாலிருந்து எண்ணினேன். 26. பின் சீட்டில் முக்காடு போட்ட ராஜஸ்தான் பாட்டி இல்லை. வண்டி நகர்ந்துவிட்டது. எனக்கு இந்தியும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. எழுந்து நின்று நாக்கை மடக்கி ஒரு விசில் கொடுத்து, "ஹோல்டான்!" என்று கத்தினேன். பழக்கம். டிரைவர் சடக்கென்று பிரேக் போட்டார். எந்த ஊர் டிரைவருக்கும் விசில் புரியும் போல. பாட்டி வளையல் கடை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தது. ஏற்றி உட்கார வைத்து, கதவைத் தட்டி "ரைட்!" என்றேன். பஸ்ஸே கை தட்டியது. ரிட்டயர்டு ஆன அன்றுகூட எனக்கு யாரும் இப்படிக் கை தட்டவில்லை, மாலைதான் போட்டார்கள்.

கூட வர முடியவில்லையே என்று நீ அன்று காலையில் மூன்று தடவை சொன்னாய். நீ அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது சாரல் சீசனில் உங்களைக் குற்றாலத்துக்கு அனுப்பினேன், ஞாபகம் இருக்கா? நான் வரவில்லை. எனக்கு டபுள் டூட்டி. வேறொரு கண்டக்டர் கையில் உங்களை ஒப்படைத்துவிட்டு, டிக்கெட்டையும் நானே போட்டுக் கொடுத்தேன். அன்று ராத்திரி 11 மணிக்கு நான் வந்தபோது நீ தூங்காமல் உட்கார்ந்திருந்தாய். ஐந்தருவியில் தண்ணீர் ஐந்து பிரிவாக விழுவதை விரல் விட்டுச் சொன்னாய். குரங்கு உன் தம்பியின் வாழைப்பழத்தைப் பறித்ததைச் சொன்னாய். நான் ஐந்தருவிக்கு எத்தனை டிரிப் அடித்தவன்! இருந்தாலும் சோற்றில் கையை வைத்துக்கொண்டே கேட்டேன், கை காய்ந்துபோகும் வரைக்கும்.

அப்பளமும் மணத்தக்காளி வற்றலும் பார்சலில் வருகிறது. பனங்கிழங்கு தாங்காது என்று அம்மா வைத்துவிட்டாள். அடுத்த தடவை டிக்கெட் போடும்போது செவ்வாய்க்கிழமை போடு. கோட்டைக்கு உள்ளே நான் பார்க்க வேண்டியது பாக்கி இருக்கிறது. வேண்டுமானால் ஒரு நாள் லீவு போட்டு நீயும் வா, நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவோம். பேரனிடம் நான் பேச வேண்டும். படியில் விழுந்த ராஜா கதையை நீ முந்திக்கொண்டு அவனிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா