அரங்கம் பிறகு ஆகட்டும், முதலில் எங்கள் மைதானத்தின் தடுப்புச் சுவரைக் கட்டித் தாருங்கள்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர்கள் சார்பில்,
சிறு தேயிலை விவசாயியும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கால்பந்து பழக்குபவனுமாகிய நான்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: தொழில்முறைக் கால்பந்து அரங்கத்துக்குப் பொதுப்பணம் ஒதுக்குவதற்கு முன், இடிந்து கிடக்கும் ஊர் மைதானத்தின் தடுப்புச் சுவரைக் கட்டித் தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து ஏற்கெனவே கொடுத்த மூன்று மனுக்கள்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். குன்னூரிலிருந்து வண்டிச்சோலை வழியாகக் கோத்தகிரி வரும் சாலையில் தாங்கள் பலமுறை பயணம் செய்திருப்பீர்கள். தேயிலைச் சரிவுக்கு நடுவே, சாலைக்குக் கீழே, ஒரு கோல் போஸ்ட் மட்டும் பாதி அந்தரத்தில் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருந்தால், அதுதான் எங்கள் மைதானம். எங்கள் தாத்தாக்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு சரிவை வெட்டி நிரவிய இடம் அது. வருவாய்க் கணக்கில் புறம்போக்கு. முழு அளவு மைதானம் அன்று. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடலாம். ஆனாலும் சுற்றியுள்ள ஹட்டிகளுக்கும் (படுகர் ஊர்களுக்கும்) எஸ்டேட் லைன்களுக்கும் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும்) சமதரை என்று இருப்பது அது ஒன்றுதான்.

நம் மலையில் தொழில்முறை அணிக்கென ஒரு பெரிய அரங்கத்தை அரசுப் பணத்தில் எழுப்ப வேண்டும் என்று சிலர் ஆர்வத்துடன் பேசிவருகிறார்கள். அந்தப் பேச்சு கோப்பாக மாறித் தங்கள் மேசைக்கு வருவதற்கு முன், எங்கள் நிலையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது கடமை என்று கருதிப் பின்வருவனவற்றைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

1. நாங்கள் கால்பந்துக்கு எதிரானவர்கள் அல்லர். மலைப் பிள்ளைகளின் மூச்சுக்கும் கால் வலுவுக்கும் ஏற்ற ஆட்டம் இது என்பதை இருபது ஆண்டுகளாகக் கண்ணால் கண்டுவருபவன் நான்.

2. தொழில்முறை அணியின் அரங்கம் ஆண்டில் எத்தனை நாள் பயன்படும் என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டுகிறோம். நாட்டின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான இந்தியன் சூப்பர் லீக்கில் 2024-25-இல் 13 அணிகள் ஆடின. ஒவ்வோர் அணிக்கும் 24 லீக் ஆட்டங்கள், அவற்றில் சொந்த மைதானத்தில் 12. ஆக, 12 மாலைகளுக்காக ஓர் அரங்கத்தைக் கட்டி, மீதி நாட்களிலும் அதன் புல்லுக்கும் விளக்குக்கும் காவலுக்கும் யாரேனும் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த பருவமாவது உறுதியா என்றால், ஒளிபரப்பு உள்ளிட்ட வணிக உரிமைகளுக்கான ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்த காரணத்தால் 2025 ஜூலையில் அந்த லீக்கே நிறுத்திவைக்கப்பட்டதை நாடறியும். பிரேசில் நாட்டின் மனாஸ் நகரத்தில் 2014 உலகக் கோப்பைக்காக 40,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கம் எழுந்தது. அங்கு நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் நான்கே நான்கு. அதன் பிறகு அத்தனை இருக்கைகளையும் நிரப்ப அந்த ஊரில் ஒரு முதல்நிலை அணிகூட இல்லை. இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணி, 2019-இல் திறந்த தனது அரங்கத்தைப் பெரும்பாலும் தன் பெயரில் கடன் வாங்கியே கட்டிக்கொண்டது. அணி நடத்தி லாபம் பார்ப்பவர் அரங்கத்தையும் தாமே கட்டிக்கொள்வதுதான் முறை. அரசு நிலத்தைக் கொடுத்துவிட்டு வாடகைக்குக் காத்திருப்பது எப்படி முடியும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. உதகை நகரின் நடுவிலேயே 52 ஏக்கர் குதிரைப் பந்தய மைதானத்தைக் குத்தகை பாக்கிக்காக 2024-இல் அரசு மீட்க வேண்டிவந்தது தாங்கள் அறிந்ததே.

3. இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வதேச அளவு ஆடுகளம் என்பது 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நூறு மீட்டருக்குப் பதினைந்து மீட்டர் இறங்கும் சாதாரணச் சரிவில் அந்த அகலத்தைச் சமன்செய்தால், மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 10 மீட்டர் வித்தியாசம் வரும். அதாவது மூன்று மாடி உயரத்துக்கு மலையை வெட்ட வேண்டும், அல்லது மண்ணைக் கொட்ட வேண்டும்; பார்வையாளர் மேடையும் வாகன நிறுத்தமும் இதில் சேரவில்லை. சொந்த வீட்டை 7 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்றும், அனுமதியின்றிப் பொக்லைனைத் தோட்டத்தில் இறக்கக் கூடாது என்றும் எங்களுக்கு விதி இருக்கிறது. 2009 நவம்பர் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டோரை இழந்த மாவட்டம் இது என்பதால் அந்த விதிகளை நாங்கள் குறைகூறாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். 2019 ஆகஸ்டில் இதே மாவட்டத்தின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்த மழையையும் மறந்துவிடவில்லை. போதாக்குறைக்கு, வாகன நெரிசல் தாங்காமல் 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு), அடுத்த ஆண்டுக் கோடையில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றமே வரம்பு போட்ட மலையில், ஆட்டம் பார்க்க வரும் கூட்டத்தை எந்த வரம்புக்குள் அடக்குவது?

4. இனி எங்கள் சுவர். சென்ற ஐப்பசி மழையில் ஓர் இரவு, மைதானத்தின் கீழ்ப்பக்கத் தடுப்புச் சுவர் ஏறக்குறைய இருபது மீட்டர் நீளத்துக்குச் சரிந்து விழுந்தது. அந்தச் சுவரில் நீர் வடியத் துளைகளே விடப்படவில்லை. மேலிருந்து இறங்கிய தண்ணீர் சுவரின் முதுகில் தேங்கி, மண் கனத்து, தள்ளிவிட்டது. மறுநாள் காலை நாங்கள் போய்ப் பார்த்தபோது மூலைக்கொடி இருந்த இடமே இல்லை. இப்போது அந்த விளிம்பில் பழைய சேலைகளை முறுக்கிக் கயிறாகக் கட்டியிருக்கிறோம். அதுதான் எங்கள் வேலி. பந்து அந்தப் பக்கம் போனால் முப்பதடி கீழே தேயிலைக்குள் விழும். அதை எடுத்துவர இரண்டு பிள்ளைகள் எப்போதும் கீழே நிற்க வேண்டியிருக்கிறது. மாலை ஐந்தரை மணிக்குப் பனி இறங்கிவிட்டால் அந்தத் தேயிலைக்குள் கரடி வரும், காட்டெருமை நிற்கும். ஆகையால் நிற்கும் பிள்ளைகளைத் தகரம் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்கிறேன். கால்பந்து பழக்கும் நான், பந்தை எப்படி உதைப்பது என்பதை விட்டுவிட்டு, எப்படி உதைக்கக் கூடாது என்பதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தை மாதத்தில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன், பந்தின் மேலேயே கண்ணை வைத்து ஓடியவன், விளிம்பில் நிற்க முடியாமல் சேலைக் கயிற்றோடு சேர்ந்து கீழே போனான். கம்பளியில் கிடத்தி நான்கு பேர் சாலை வரை தூக்கிவந்தோம். வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அவன் தாய் கொழுந்து பறித்துப் பிழைப்பவர். ஆறு வாரம் வேலைக்குப் போகவில்லை, கூலியும் இல்லை. கட்டு பிரித்த பிறகும் அந்தப் பையன் மாலையானால் வாசற்படியில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் அந்த வழியாகப் போனால், “மாஸ்டர், சுவர் கட்டிட்டாங்களா?” என்றுதான் கேட்கிறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது என்பதைத் தாங்களே கூற வேண்டுகிறேன். அந்த விபத்துக்கு முன் பதினொரு பெண் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தார்கள். இன்று வருபவர்கள் மூவர். மற்றவர்களின் பெற்றோரை நான் குறைசொல்ல மாட்டேன். என் மகளையே அனுப்பத் தயங்குகிறேன்.

5. முதல் மனுவுக்கு ஓர் அலுவலகத்தில் நிதி இல்லை என்றார்கள். இரண்டாம் மனுவுக்குப் பின் ஒருவர் டேப்புடன் வந்து அளந்தார், படம் எடுத்தார், தேநீர் அருந்திவிட்டுப் போனார். மூன்றாவது மனு ‘முடித்துவைக்கப்பட்டது’ என்று என் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. எதை முடித்துவைத்தார்கள்? விழுந்த கல் விழுந்த இடத்தில்தான் கிடக்கிறது, ஒரு கல்லைக்கூட யாரும் புரட்டவில்லை. இருபது மீட்டர் சுவருக்கு இல்லாத நிதி, ஓர் அரங்கத்துக்கு மட்டும் எங்கிருந்து வரும்? பொறுக்கவும், தங்களைக் குறித்து இப்படி எழுதவில்லை. மூன்று முறை பணிவாக எழுதியவனுக்கு நான்காவது முறை கை நடுங்குகிறது.

6. அடுத்த ஐப்பசிக்குள் சுவர் எழாவிட்டால் மீதி மைதானமும் போய்விடும். கீழே இரண்டு வீடுகள் இருக்கின்றன.

ஆகவே, தாங்கள் நேரில் ஒருமுறை வந்து பார்வையிட்டு, நீர் வடியும் துளைகளுடனும் மேல்பக்க வடிகாலுடனும் தடுப்புச் சுவரை மழைக்காலத்துக்கு முன் கட்டித்தரவும், விளிம்பில் கம்பி வலை அடிக்கவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். அரங்கம் குறித்து எந்த முன்மொழிவு வந்தாலும், கட்டுமானச் செலவு, ஆண்டுப் பராமரிப்பு, அணி தரப்போகும் வாடகை, மண் வெட்டும் அளவு ஆகியவற்றைத் தமிழில் எழுதி ஒட்டி, அக்டோபர் 2 கிராம சபையில் வைத்து எங்கள் கருத்தைக் கேட்ட பிறகே பொதுப்பணத்தில் ஒரு ரூபாயேனும் ஒதுக்க வேண்டும் என்றும் கோருகிறோம். மேடையும் மின்விளக்கும் நாங்கள் கேட்கவில்லை. சுவர் வேண்டும் ஐயா. அந்தச் சுவரை மட்டும் கட்டித் தாருங்கள்.

இம்மனுவுடன் மைதானத்தின் நான்கு புகைப்படங்கள், முந்தைய மூன்று மனுக்களின் ரசீது நகல்கள், 64 பெற்றோரின் கையெழுத்துகள் இணைக்கப்பட்டுள்ளன. கையெழுத்துகளில் கடைசியாக இருப்பது கால் முறிந்த அந்தப் பையனுடையது. பெற்றோர் மட்டும்தான் போட வேண்டும் என்று சொல்லியும் அவன் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பெற்றோர்கள் சார்பில் பயிற்சியாளர்