நான்காவது பிரிவைக் கரைத்துவிடாதீர்கள்

பிரிட்டன் நர்சிங் அண்ட் மிட்வைஃப்ரி கவுன்சில் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான நர்ஸ் என்று சொன்னால், ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களே "அதற்குத் தனியாக நர்ஸ் எதற்கு?" என்று எங்களைக் கேட்கிறார்கள். பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், அப்புறம் நாங்கள் என்று நர்ஸ்களைப் பதிவு செய்யும் உங்கள் பதிவேட்டில் நான்கு பிரிவுகள் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

எதற்கு என்று சொல்கிறேன். பேச்சு வராத ஒருவர் திடீரென்று தலையில் அடித்துக்கொள்கிறார், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார். "இவர்கள் இப்படித்தான்" என்று மயக்கம் தரும் மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பது சுலபம். நாங்கள் அங்கே நிறுத்துவதில்லை. பல்வலியா, காதில் சீழா, நெஞ்செரிச்சலா, மலம் கழித்து எத்தனை நாளாயிற்று என்று ஒவ்வொன்றாகத் தேடுவோம். வலி வந்தால் அவர் முகம் எப்படி மாறும் என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வைப்போம். கவனிக்காமல் விட்ட மலச்சிக்கலால் இந்த நாட்டில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பொது ஆஸ்பத்திரிகளின் அலட்சியத்தால் இறந்த ஆறு பேரைப் பற்றி அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகப் பாடுபடும் மென்கேப் அமைப்பு 2007-லேயே அறிக்கை வெளியிட்டது.

எங்கள் தொழிலே தேவையில்லை என்ற பேச்சும் புதிதல்ல. 1979-இல் அரசு அமைத்த ஜே குழு, இந்த வேலையைச் சமூகப் பணியாளர்களிடம் விட்டுவிடலாம் என்றது. அதையும் தாண்டி வந்தோம். எங்களிடம் கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் ஆஸ்பத்திரியில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஊழியர்கள் செய்த கொடுமை 2011-இல் வெளியே வந்தது. தண்டிக்கப்பட்டவர்களில் நர்ஸ்களும் இருந்தார்கள். நர்ஸ் என்ற தகுதிக்குப் பதில் சொல்லும் கடமையும் உண்டு என்பதால்தான் இந்தத் தனிப் பதிவை இன்னும் பிடிவாதமாகக் கேட்கிறேன்.

உங்கள் 2018 தகுதி விதிகள் நான்கு பிரிவுக்கும் ஒரே திறன் பட்டியலைத் தந்தன. ஊசி, டிரிப், கத்தீட்டர் என்ற சிறுநீர்க் குழாய் எல்லாம் எல்லோருக்கும் தெரியட்டும், சரி. ஆனால் வார்த்தை இல்லாதவரின் வலியை அறிவதும், ஒருவரால் சம்மதம் தர முடியுமா என்று பொறுமையாகக் கண்டறிவதும் அந்தப் பட்டியலில் அமுங்கிப் போகின்றன. 2017-இல் இங்கிலாந்தில் நர்சிங் மாணவர்களுக்கான உதவித்தொகை நின்றபின், வேலையையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு படிக்க வந்தவர்கள் குறைந்தார்கள். சில பல்கலைக்கழகங்களில் படிப்பே மூடப்பட்டது.

அடுத்த முறை விதிகளைத் திருத்தும்போது எங்கள் பிரிவுக்கென்று தனித் தகுதிகளை எழுதுங்கள். எங்கள் மாணவர்களின் பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி இந்த மக்களோடு கழியட்டும். அந்த வரைவை எழுதும் மேசையில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நாற்காலி போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் உள்ள ஒரு நர்ஸ்