அந்த ஆறு நிமிடங்களில் யாருக்கும் வேலை இருக்கக் கூடாது

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மா, பிள்ளைகள், இன்னும் இரண்டு குடும்பங்கள் என்று ஒரு கூட்டமாகவே 2027 ஆகஸ்ட் 2 முழுச் சூரிய கிரகணத்துக்கு எகிப்தில் இருக்கும் லக்ஸர் போகப் போகிறீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன், கேட்காத சிலவற்றையும் சேர்த்து.

முதலில் உன் மைத்துனரின் கேள்வி. "கெய்ரோவிலேயே இருந்து பெரும்பகுதி மறைவதைப் பார்த்தால் போதாதா, எதற்கு அவ்வளவு தூரம்?" என்கிறார். போதாது. சூரியன் முழுநிலவைப் போல ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு பிரகாசம். அதில் 99 சதவீதம் மறைந்தாலும் மிச்சமிருக்கும் ஒரு சதவீதம் ஆயிரக்கணக்கான முழுநிலவுகளுக்குச் சமம். நீங்கள் பார்க்கப் போகும் கரோனாவோ, அதாவது சூரியனைச் சுற்றிப் பரவியிருக்கும் வெளிப்புற ஒளிவட்டமோ, மொத்தமாகச் சேர்த்தாலே ஒரு முழுநிலவின் அளவுக்குத்தான் ஒளிரும். சூரியத் தட்டின் ஒரு கீற்று மிச்சமிருக்கும் வரை கரோனா கண்ணுக்குத் தெரியாது, வானம் இருட்டாது, கிரகணக் கண்ணாடியைக் கழற்றவும் முடியாது. கெய்ரோ முழுமைப் பாதைக்கு, அதாவது சூரியன் முழுதாக மறைவது தெரியும் பட்டைக்கு, வெளியே இருக்கிறது. அவரைக் கையோடு இழுத்துப் போய்விடு.

ஆனால் அந்தப் பாதையின் நடுக்கோட்டின் மேலேயே நிற்க வேண்டும் என்று அடம்பிடிக்காதே. பாதை சுமார் 258 கிலோமீட்டர் அகலம். லக்ஸர் அருகே நடுக்கோட்டில் முழுமை 6 நிமிடம் 23 நொடி. நடுக்கோட்டுக்கும் பாதையின் விளிம்புக்கும் சரிபாதியில் நின்றால்கூட ஐந்தரை நிமிடம் கிடைக்கும். முக்கால் தூரம் விலகினால் நாலே கால் நிமிடம். அதற்கப்புறம்தான் விறுவிறுவென்று குறையும். தரையில் விழும் நிலவின் நிழல் வட்டமாக இருப்பதால் வரும் கணக்கு இது: வட்டத்தின் நடுவை ஒட்டி எங்கே வெட்டினாலும் நீளம் பெரிதாக மாறாது, ஓரத்தில்தான் சட்டென்று சுருங்கும். ஆகவே பத்து நொடி கூடுதலாகக் கிடைக்கும் என்று நிழலும் கழிப்பறையும் இல்லாத வெட்டவெளிக்கு அம்மாவைக் கூட்டிப் போகாதே. நிழல், தண்ணீர், கழிப்பறை, திறந்த அடிவானம் இந்த நான்கும் உள்ள இடம்தான் உங்களுக்கு. ஐந்தாவதாக ஒன்று: தெருவிளக்கோ தோட்ட விளக்கோ பக்கத்தில் இருக்கக் கூடாது. இருட்டியதும் தானாக எரியும் விளக்குகள் முழுமை தொடங்கியதும் பளிச்சென்று எரிந்து காரியத்தைக் கெடுத்துவிடும். முதல் நாள் சாயங்காலம் அதே இடத்துக்குப் போய் எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்துவிடுங்கள். அடைக்க முடியாத விளக்கு என்றால் இடத்தை மாற்றுங்கள்.

அந்த ஊர், அந்த மாதம் என்றால் மேகத்தைப் பற்றிக் கவலை கிட்டத்தட்ட இல்லை. கவலை வெயிலும் தூசியும். ஆகஸ்டில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம். முழுமை வருவது பிற்பகல் ஒரு மணி வாக்கில். அதற்கு முன் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் பகுதி கிரகணம் ஓடும். அத்தனை நேரமும் வெயிலில் நின்றால், முழுமை வரும்போது அம்மாவும் சின்னவர்களும் சுருண்டுவிடுவார்கள். நிழலிலேயே உட்கார்ந்திருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து, கண்ணாடி போட்டு ஒரு அரை நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். கடைசி இருபது நிமிடம்தான் வெளியே இருக்க வேண்டியது. அதற்குள் வெயிலின் கடுமையும் தணிந்திருக்கும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. அன்று லக்ஸரில் சூரியன் 82 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே இருக்கும். நின்றுகொண்டு ஆறு நிமிடம் அண்ணாந்து பார்க்க யாராலும் முடியாது. கழுத்து பிடித்துக்கொள்ளும், தலை சுற்றும். பாய் விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சாய்வு நாற்காலி.

இனி கண்ணாடி. ஐஎஸ்ஓ 12312-2 என்ற தரக்குறியீடு அச்சிட்டிருக்க வேண்டும். ஆனால் அச்சை மட்டும் நம்பாதே, போலியிலும் அதே அச்சு இருக்கும். வீட்டுக்குள் போட்டுப் பார்: எதுவுமே தெரியக் கூடாது. மிகப் பிரகாசமான விளக்கு மட்டும் மங்கலான புள்ளியாகத் தெரிந்தால் சரி. ஜன்னலோ, மேஜையோ, சுவரோ தெரிந்தால் அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடு. அடுத்து விளக்குக்கு நேரே பிடித்து ஊசிமுனை அளவு துளையோ கீறலோ இருக்கிறதா என்று பார். மடிப்பு விழுந்த இடத்தில்தான் பூச்சு முதலில் உரியும். நல்ல கண்ணாடி சூரிய ஒளியில் சுமார் லட்சத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். வெல்டிங் கண்ணாடி என்றால் 14ஆம் எண் நல்லது, 12க்குக் கீழே கூடவே கூடாது. எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி, குறுந்தகடு, கூலிங் கிளாஸ் எதுவும் உதவாது. வெளிச்சம் குறைந்தது போலத் தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால்தான் இது ஆபத்து. பார்க்கும்போது ஒன்றும் ஆகாதது போல இருக்கும், சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் கறை விழுந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு அட்டைக் கண்ணாடி நிற்காது, நழுவும். ஒரு காகிதத் தட்டில் கண்ணாடி அளவுக்கு வெட்டி, அதில் கண்ணாடியை ஒட்டி, பின்னால் எலாஸ்டிக் கட்டிவிடு. முகம் முழுக்க மறையும், ஓரத்திலிருந்தும் வெயில் நுழையாது. குனிந்தபடி போட்டு, பிறகு நிமிர்ந்து, பார்த்து, குனிந்து, பிறகு கழற்ற வேண்டும். இந்த வரிசையைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே சாதாரணச் சூரியனைப் பார்க்க வைத்துப் பழக்கு. இன்னொன்று: கண்ணாடி போட்டுக்கொண்டு பைனாகுலருக்குள் பார்க்கவே கூடாது. பைனாகுலர் குவிக்கும் வெயில் கண்ணாடியின் ஃபிலிமைப் பொசுக்கிக்கொண்டு கண்ணுக்குள் போய்விடும். ஃபில்டர் எப்போதும் பைனாகுலரின் முன்புறம், சூரியனைப் பார்க்கும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். காற்றில் பறக்காதபடி டேப் ஒட்டி, ஒரே இழுப்பில் வரும்படி டேப்பின் நுனியை மடித்து வை.

பகுதி கிரகணத்தின்போது பிள்ளைகள் கால் மணியில் சலித்துப்போவார்கள். அவர்களுக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும். ஒரு அட்டையில் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு, ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்தால் தரையில் 9 மில்லிமீட்டர் அகலத்தில் சூரியனின் பிம்பம் விழும். சூரியன் உச்சியில் இருப்பதால் வெள்ளைத் தாளைத் தரையில் போட்டாலே போதும், சாய்த்துப் பிடிக்கும் தொல்லை இல்லை. உயரத்தைக் கூட்டினால் பிம்பம் பெரிதாகும், மங்கும். துளையைப் பெரிதாக்கினால் பிரகாசமாகும், பிறையின் கூர்மை போய்விடும். இரண்டையும் அவர்களே செய்து பார்க்கட்டும். சல்லடையைப் பிடித்தால் நூறு பிறைகள் விழும். பெரியவளிடம் ஒரு வெப்பமானியைக் கொடுத்து, நிழலில் மாட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளச் சொல். வெப்பம் மிகக் குறைவது முழுமையின்போது அல்ல, அது முடிந்து சில நிமிடம் கழித்துத்தான். தரையும் காற்றும் குளிர நேரம் பிடிக்கும். அவளே அதைக் கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லிவிடாதே.

முக்கால்வாசி மறைந்த பிறகு வெளிச்சத்தின் தன்மையே மாறும். சாயங்கால மஞ்சள் இருக்காது, உலோகம் போல வெளிறிய ஒரு நிறம். கையை நீட்டி நிழலைப் பார்: பிறை நீண்டிருக்கும் திசையில் விளிம்பு மங்கியிருக்கும், அதற்குக் குறுக்கே முடி முடியாகத் தெரியும் அளவுக்குக் கூர்மையாக இருக்கும். கடைசி இரண்டு நிமிடத்தில் தரையில் விரித்த வெள்ளைத் துணியைக் கவனியுங்கள். மெல்லிய கறுப்பு வெளுப்புப் பட்டைகள் நெளிந்து ஓடலாம். மெலிந்த பிறையின் ஒளி காற்றின் அலைவுகளில் வளைவதால் வருவது. சில கிரகணங்களில் தெளிவாக வரும், சிலவற்றில் வரவே வராது. அதற்காகக் காத்துக்கொண்டு மேலே பார்க்கத் தவறிவிடாதீர்கள்.

மேற்கு அடிவானத்தில் நிழல் வருவது தெரியும், நொடிக்கு 670 மீட்டருக்குக் குறையாத வேகத்தில். பிறகு எல்லாம் நொடிக் கணக்குதான். கீற்று உடைந்து மணிகளாகும். நிலவின் விளிம்பிலுள்ள பள்ளத்தாக்குகள் வழியே கசியும் வெயில் அது. ஆங்கில வானியலாளர் பிரான்சிஸ் பெய்லி 1836இல் விவரித்ததால் பெய்லி மணிகள் என்று பெயர். கடைசி மணி ஒற்றை வைரமாக ஒளிரும், அணையும். கண்ணாடிக்குள் எதுவும் தெரியவில்லை என்றால், அப்போதுதான் கழற்ற வேண்டும். இந்த ஒரே விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு: "உள்ளே இருட்டானால் கழற்று, வெளியே வைரம் வந்தால் போடு."

இப்போது நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். அந்த ஆறு நிமிடத்தில் உங்களில் யாருக்கும் எந்த வேலையும் இருக்கக் கூடாது. படம் எடுக்கிறேன் என்று கிளம்புபவர்கள் பெரும்பாலும் பின்பக்கத் திரையைத்தான் பார்க்கிறார்கள். உன் கேமராவுக்கு என் யோசனை: கொண்டு போகாதே. 82 பாகைக்கு நிமிர்த்தினால் நீள லென்ஸ் டிரைபாட் காலில் இடிக்கும், வ்யூஃபைண்டருக்குக் கீழே தலையை நுழைக்க வேண்டி வரும், ஃபில்டரைக் கழற்ற மறக்கும், வெப்பம் இறங்கும்போது ஃபோகஸ் நகரும். எடுத்தே தீருவேன் என்றால், முழுமைக்குப் பத்து நிமிடம் முன்பு ஃபோகஸைச் சரிபார்த்து டேப் ஒட்டிவிடு. ஐஎஸ்ஓ 200, எஃப்/8 வைத்து, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து ஒரு முழு நொடி வரை தானாக வரிசையாக எடுக்கும்படி அமைத்து, ரிமோட்டை ஒருமுறை அழுத்திவிட்டுப் படுத்துக்கொள். ஒரே அளவு எல்லாவற்றுக்கும் சரிவராது. உள் கரோனாவும் வெளிக் கரோனாவும் பிரகாசத்தில் அவ்வளவு வேறுபடும்.

ஃபோனுக்கு இதைவிட நல்ல வேலை இருக்கிறது. உங்கள் கூட்டத்துக்குப் பின்னால் நிறுத்தி, அகலக் கோணத்தில், ஐந்து நிமிடம் முன்பே வீடியோவை ஓடவிட்டு மறந்துவிடு. அம்மா என்ன சொன்னார், பிள்ளைகள் எப்படிக் கத்தினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். சூரியனின் படம் எத்தனையோ பேர் எடுப்பார்கள், இதை வேறு யாரும் எடுக்க முடியாது. எல்லோருடைய ஃபோனிலும் ஃபிளாஷை அணைத்து வைக்கச் சொல்.

நேரம் சொல்லவும் ஆள் வைக்காதே, அவர் பாதிக் கிரகணத்தைக் கடிகாரத்தில் பார்ப்பார். உன் குரலிலேயே முன்கூட்டிப் பதிவு செய்துவிடு: "பைனாகுலர் ஃபில்டரைக் கழற்று", "பாதி நேரம் முடிந்தது, அடிவானத்தைச் சுற்றிப் பார்", "ஒரு நிமிடம் இருக்கிறது", "இருபது நொடி, பைனாகுலரைக் கீழே வை". முழுமை தொடங்கியதும் ஒரே தொடுதலில் ஓடவிட வேண்டும். கணக்கிட்ட நேரத்துக்கும் நடப்புக்கும் ஓரிரு நொடி வித்தியாசம் வரும், நிலவின் விளிம்பு மேடுபள்ளமாக இருப்பதால். ஆகவே பதிவு வெறும் நினைவூட்டல்தான், முடிவைக் கண்தான் சொல்ல வேண்டும். மேற்கு விளிம்பில் இளஞ்சிவப்புக் கோடு தோன்றிப் பிரகாசமானால் சில நொடியில் வைரம் வரப்போகிறது என்று அர்த்தம்.

பைனாகுலர் 7×50 அல்லது 10×50 இருந்தால் எடுத்துப் போ, ஆளுக்கு அரை நிமிடம். விளிம்பில் செந்நிறத் தீநாக்குகள் தெரியும். 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தில் குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் ழான்சென் நிறமாலைமானியில் (ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவி) ஆராய்ந்தது இவற்றைத்தான். அவை ஒளிரும் வாயு என்று புரிந்ததும், மறுநாள் கிரகணமே இல்லாமலும் அவற்றைப் பார்த்துக் காட்டினார். ஆனால் முதல் ஒரு நிமிடம் எல்லோரும் வெறும் கண்ணால் பாருங்கள். கரோனாவின் நீண்ட இழைகள் எவ்வளவு தூரம் போகின்றன என்பது வெறும் கண்ணுக்குத்தான் ஒரே பார்வையில் பிடிபடும். சூரியனுக்குச் சில பாகை தள்ளி ஒரு பிரகாசமான புள்ளி தெரிந்தால் அது வெள்ளி.

சின்னவனிடம் முன்பே சொல்லி வை: பட்டப்பகலில் இருட்டும், காற்று மாறும், பெரியவர்கள் அழலாம், எல்லாம் சரியாகிவிடும் என்று. சொல்லாமல் விட்டால் சில குழந்தைகள் பயந்து முகத்தை மூடிக்கொண்டுவிடும். முழுமை முடிந்ததும் கூட்டம் ஒரே நேரத்தில் வண்டிகளைக் கிளப்பும். நீங்கள் நிழலுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்து, பிறை முழுச் சூரியனாகும் வரை இருந்துவிட்டுக் கிளம்புங்கள். மறுபடியும் கண்ணாடி போட வேண்டும் என்பதைத்தான் அப்போது எல்லோரும் மறப்பார்கள்.

கண்ணாடி ஆளுக்கு ஒன்று, கூட்டத்துக்கு மூன்று கூடுதலாக வாங்கு. ஒன்று கிழியும், ஒன்று தொலையும், ஒன்றைப் பக்கத்தில் நிற்கும் யாருக்காவது கொடுக்கத் தோன்றும். தங்கும் இடம் முடிவானதும் அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை அனுப்பு. தொடக்கமும் முடிவும் எத்தனை மணி, எத்தனை நொடி என்று கணக்கிட்டு எழுதுகிறேன். அதை வைத்து நீ பதிவைச் செய்துகொள்ளலாம்.

அம்மாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு.

என்றும் உன்,
நண்பன்