சும்மா இருந்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்,

அமெரிக்காவில் கைதானால் என்ன செய்வது என்று நீங்கள் போட்டிருந்த கட்டுரையில், ‘பிடிக்கவில்லை என்றால் வாயே திறக்காமல் இருந்துவிடலாம்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். இருக்கலாம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தாலே உரிமை பத்திரமாக இருக்கிறது என்று படித்தவர்கள் நினைத்துக்கொண்டால் அது தப்பு.

2010-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன தாம்ப்கின்ஸ் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகனில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக் கொலை. அதில் சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட தாம்ப்கின்ஸிடம், பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்கிற உரிமைகள் அச்சிட்ட தாளைப் போலீஸ் கொடுத்து, ஆங்கிலம் படிக்கத் தெரியுமா என்று பார்க்க ஐந்தாவது வரியை மட்டும் உரக்கப் படிக்கச் சொன்னார்கள், படித்தார். கையெழுத்து கேட்டார்கள், போட மறுத்துவிட்டார். அப்புறம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அநேகமாகப் பேச்சே இல்லை. எப்போதாவது ஒரு ‘தெரியாது’, கொடுத்த பெப்பர்மின்ட் வேண்டாம், நாற்காலி உட்கார முடியாமல் கடினமாக இருக்கிறது, அவ்வளவுதான். கடைசியில் அதிகாரி பேச்சைக் கடவுள் பக்கம் திருப்பி, அந்தப் பையனைச் சுட்டதற்கு மன்னிக்கச் சொல்லிக் கடவுளிடம் வேண்டிக்கொள்கிறாயா என்று கேட்க, ‘ஆமாம்’ என்றார். உரிமையைப் புரிந்துகொண்ட பிறகு பதில் சொன்னதால் அதை அவரே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பானது. மௌனம் வேண்டுமென்றால் அதை வாய்விட்டுத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டுமாம்! நீதிபதி சோட்டோமயோர் எழுதிய மாறுபட்ட தீர்ப்புதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஏனென்றால் கைதானவரை விசாரிக்கும் முன் இந்த உரிமைகளைச் சொல்லியாக வேண்டும் என்று 1966-இல் தீர்ப்பான மிராண்டா வழக்கில் இதே நீதிமன்றம், கடைசியில் வாக்குமூலம் கிடைத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து ஒருவர் உரிமையை விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லியிருந்தது. அதை ரத்து செய்கிறோம் என்று சொல்லாமலேயே பாதியை எடுத்துவிட்டார்கள்.

வக்கீல் கேட்பதிலும் இதே கதைதான். 1994-இல் ஒருவர் ‘வக்கீலிடம் பேசினால் நல்லதோ என்னவோ’ என்கிற மாதிரி சொன்னது போதாது என்று ஆகிவிட்டது. பயந்துபோயிருக்கும் ஆள் மரியாதைக்காக இழுத்து இழுத்துத்தானே பேசுவான்? ஆனால் ‘எனக்கு வக்கீல் வேண்டும்’ என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டால், வக்கீல் வரும்வரை போலீஸ் கேள்வி கேட்கக் கூடாது, அவராகப் பேச்சைத் தொடங்கினால் ஒழிய. பாதி பேசிய பிறகும் இதைச் சொல்லலாம், அதற்குள் சொன்னது சொன்னதுதான். இன்னொன்று, ‘உன் கூட்டாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான்’ என்று போலீஸ் பொய் சொன்னது என்பதற்காக மட்டும் வாக்குமூலம் செல்லாமல் போய்விடாது, அது 1969-லிருந்தே உள்ள நிலை.

அங்கே படிக்கவும் வேலைக்கும் போயிருக்கிற பிள்ளைகளின் வீடுகளில் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். ஒரு திருத்தம் போடுங்கள். ‘நான் பேச விரும்பவில்லை, எனக்கு வக்கீல் வேண்டும்’ என்று சொல்ல வேண்டியதை ஆங்கிலத்திலேயே கட்டம் கட்டிப் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்