குதிரைப்படைக் கார்பைன்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வெளியான பழைய துப்பாக்கிகள் பற்றிய கட்டுரை, பிரிட்டிஷ் குதிரைப்படைக்கு 1894-இல் வந்த லீ-மெட்ஃபோர்டு கார்பைனையே (குட்டைக் குழல் துப்பாக்கி), போல்ட் எனும் கைப்பிடித் தாழை இழுத்துத் தள்ளி உள்ளிருக்கும் தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் சுடும் போல்ட் வகைத் தொடர்சுடு கார்பைன்களின் தொடக்கமாகக் காட்டுகிறது. இது இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றை விழுங்கிவிடும் பிழை. சுவிட்சர்லாந்து 1869-இலேயே ஃபிரீட்ரிக் வெட்டர்லி வடிவமைத்த போல்ட் துப்பாக்கியை ஏற்று, 1871-இல் அதன் குட்டை வடிவத்தைத் தன் குதிரைவீரர்களுக்கு அளித்துவிட்டது. அதில் 10.4 மி.மீ. கரும்பொடித் (பழைய வகை வெடிமருந்து) தோட்டாக்கள், குழலுக்கு அடியில் ஓடும் நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். குழல் குறுகினால் குழாயும் குறுகி, கொள்ளும் தோட்டாக்களும் குறையும் என்பதுதான் கார்பைன் செய்தவர்களின் நிரந்தரத் தலைவலி. லீ-மெட்ஃபோர்டின் போல்ட்டையும் தோட்டாப் பெட்டியையும் வடிவமைத்த லீ, குழாய்க்குப் பதில் பெட்டியை வைத்து இந்தச் சிக்கலையே தீர்த்தார், தொடர்சுடு முறையைக் கண்டுபிடிக்கவில்லை.

மாணவப் பருவத்தில் என்.சி.சி. முகாமில், லீயின் வடிவமைப்பிலேயே அமைந்த .303 துப்பாக்கியைக் கையாண்டவன் நான். போல்ட்டைத் தூக்கிப் பின்னிழுத்தால் வெற்றுத் தோட்டா வலப்புறம் தெறிக்கும். முன்தள்ளினால் அடியிலுள்ள பெட்டியிலிருந்து அடுத்தது ஏறும். பெட்டி விசைக்கு அருகிலேயே இருப்பதால் குழலை எவ்வளவு வெட்டினாலும் அதற்குச் சேதமில்லை என்பது கையில் பிடித்தவுடன் விளங்கிவிடும். ஆகவே, திருத்தம் வெளியிடும்போது வெட்டர்லியின் குழாயையும் லீயின் பெட்டியையும் அருகருகே காட்டும் குறுக்குவெட்டுப் படம் ஒன்றையும், ஆண்டு விவரத்துடன் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– வாசகர் ஒருவர், வேலூர்