எங்களை யார் கேட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் வந்த கல்விக் கட்டுரையைப் படித்தேன். 'ஓர் ஊர் தன் பள்ளிக்குச் செலவிடும் தொகையைப் பார்த்தாலே அவ்வூர் மக்கள் கல்வியை எவ்வளவு மதிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்' என்று அதில் ஒரு வரி. எழுதியவர் நிறையப் படித்தவராகத்தான் இருப்பார். மதுரையில் எங்கள் செல்லூர்ப் பக்கம் வந்தவராகத் தெரியவில்லை.

செலவிடுவது ஊரா, ஐயா? எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கலாம் என்று எங்கள் தெருவில் யாரிடமாவது யாராவது கேட்டதுண்டா? சொத்து வரியோடு கல்வி வரியையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களும் தப்பவில்லை. 2022இல் சொத்து வரி ஏறியது, கூடவே எங்கள் வாடகையும் ஏறியது. வரியைக் கட்டுவதோடு எங்கள் வேலை முடிந்தது. எவ்வளவு, எதற்கு என்பதைச் சென்னை தீர்மானிக்கிறது. மிச்சத்தை டெல்லி தீர்மானிக்கிறது. 2024-25 மாநில பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 44,042 கோடி ரூபாய், அடுத்த ஆண்டு 46,767 கோடி. ஆக, ஒரே ஆண்டில் எங்களுக்குக் கல்வியின் மேல் 2,725 கோடி ரூபாய்க்கு மரியாதை கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா? பி.எம்.ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு 2,152 கோடி கல்வி நிதியை நிறுத்தி வைத்ததே, அன்றைக்கு அந்த மரியாதை குறைந்துவிட்டதா? உங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன்.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். நூறு பிள்ளைகளுக்கு மேல் இருநூற்றைம்பதுக்குள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் மானியம் என்பது, ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் கணக்கு. சாக்பீஸிலிருந்து உடைந்த ஜன்னல் வரை அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிலும் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. மாதக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி வரிசையாகக் கையெழுத்துப் போடுவோம். பணம் வரும்போது வரும். வராத மாதங்களில் தலைமை ஆசிரியை தன் கைக்காசில் பினாயில் வாங்குகிறார். (பள்ளியின் பெயரைக் கேட்காதீர்கள். பெயர் வந்தால் அந்த அம்மாவை விளக்கக் கடிதம் எழுத வைத்துவிடுவார்கள்.) அந்தப் பினாயில் காசை உங்கள் கட்டுரையாளர் எந்தத் தலைப்பில் சேர்ப்பார்?

நாங்கள் கல்வியை எப்படி மதிக்கிறோம் என்று பார்க்க விருப்பமிருந்தால், பள்ளி திறக்கும் சமயத்தில் அவர் ஏதாவது ஓர் அடகுக் கடைக்குப் போய்ப் பார்க்கட்டும். மூத்தவளை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்க நானும் என் சங்கிலியோடு அங்கே நின்றவள்தான். கட்டணம் தனி, புத்தகம் தனி, வேன் தனி, ஆண்டு விழாவில் பட்டாம்பூச்சியாக ஆடுவதற்குச் சிறகு தனி. தறி வேலை குறைந்த ஆண்டில் கட்ட முடியாமல் மாநகராட்சிப் பள்ளிக்கு மாற்றப் போனால், பாக்கியை வைத்துவிட்டு மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள் என்றார்கள். கட்டாயக் கல்விச் சட்டப்படி உடனே கொடுக்க வேண்டிய காகிதம் அது. சங்கிலி இன்னும் கடையில்தான் இருக்கிறது. அரசின் செலவுக் கணக்கில் அது வராது. அப்படியானால் நான் கல்வியை மதிக்காதவள்.

மதுரைப் பக்கத்தில் இருக்கும் கொடிக்குளம் உங்கள் அலுவலகத்திலிருந்து எவ்வளவு தூரம்? அந்த ஊர் அரசுப் பள்ளி தரம் உயர வேண்டும் என்று, மறைந்த மகளின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை 2024 ஜனவரியில் எழுதிக் கொடுத்தாரே ஆயி என்கிற பூரணம் அம்மாள், அவர் வங்கியில் வேலை பார்த்துப் பிழைத்தவர். கோடிக்கணக்கில் பெறும் நிலம். குடியரசு தினத்தில் முதலமைச்சர் விருது கொடுத்தார், நீங்களும் படம் போட்டீர்கள். காமராசர் காலத்தில் நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. இடம், பெஞ்சு, கரும்பலகை என்று ஊரார் கொண்டுவந்து கொடுத்ததை என் தாத்தா கதைகதையாகச் சொல்வார். அதெல்லாம் பட்ஜெட் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

அரசு செய்த நல்லதை மறைக்கவில்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கியது. வெறும் வயிற்றோடு பிள்ளைகளை அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடிய அம்மாக்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதுவும் நாங்கள் கேட்டு வந்ததல்ல. மேலே இருப்பவர்கள் நினைத்தார்கள், வந்தது. நினைக்காததற்கு மட்டும் எங்கள் மேல் பழியா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பொதுத்தேர்வு முடிவு வந்தால் உங்கள் பக்கங்களில் தனியார் பள்ளி விளம்பரங்களுக்கு நடுவே செய்தியைத் தேட வேண்டியிருக்கிறது. அந்தப் பள்ளிகள் கட்டாயக் கல்விச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்கும் 25 சதவீத இடங்களுக்கு அரசிடமிருந்தே கட்டணம் பெறுகின்றன என்பதை அதே நாளில் ஒரு மூலையிலாவது போடலாம். விளம்பரம் தருபவர்கள் வருத்தப்படுவார்கள் என்றால் வேண்டாம். எங்களுக்குப் பழகிவிட்டது.

எங்கள் பள்ளியில் மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் காயில் எரிந்து கிடக்கிறது. பெரிய வகுப்புப் பெண்கள் தெருக்குழாயிலிருந்து வாளியில் தூக்கி வருகிறார்கள். இதைப் பற்றி உங்கள் குறைகேட்புப் பகுதிக்கு முன்பே எழுதியிருந்தேன். 'செல்லூரில் குடிநீர்த் தட்டுப்பாடு' என்று இரண்டு வரியில் போட்டீர்கள். பள்ளியும் இல்லை, மோட்டாரும் இல்லை. மறுநாள் தெருவுக்கு ஒரு தண்ணீர் லாரி வந்தது. அதற்கும் நன்றி.

இந்தக் கடிதம் நீளம் என்று தோன்றினால் மேலே எழுதியிருப்பதையெல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் புது மோட்டார் வேண்டும் என்பதை மட்டும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
செல்லூர், மதுரை.