பதினோரு பேரை நிரப்பித் தந்தவர்களுக்கு நன்றி

எங்கள் பெண்கள் கால்பந்து அணிக்கு இந்த சீசன் முழுக்கக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம். கடைசி ஆட்டமும் முடிந்துவிட்டது. கோப்பை வரவில்லை. ஆனால் ஆள் இல்லை என்று ஒரு ஆட்டத்தைக்கூட நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குக் காரணமானவர்களுக்கு ஊரறிய நன்றி சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

ஒரு பக்கம் ஏழு பேருக்குக் குறைந்தால் விதிப்படி ஆட்டமே கிடையாது. ஐப்பசியில் நாங்கள் அந்த ஏழைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்குக் கணுக்கால் சுளுக்கு. நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்குப் பரீட்சை. இன்னும் சிலர் தாளடி நெல் நடவில். எங்கள் முன்கள வீராங்கனைக்கு அதற்குச் சில மாதம் முன்பே முழங்காலில் ஏசிஎல் ஜவ்வு கிழிந்துவிட்டது. யாரும் இடிக்கவில்லை. ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பினாள், அவ்வளவுதான். இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது என்பதை அப்புறம்தான் எங்கள் பிசியோதெரபிஸ்ட் விளக்கினார்.

என் முதல் நன்றி அவருக்குத்தான். அறுவை சிகிச்சை முடிந்து ஆறாவது மாதமே அந்தப் பெண் ஓட ஆரம்பித்துவிட்டாள். வலியும் இல்லை. ஆள் பஞ்சத்தில் இருந்த எனக்கு அவளை இறக்க ஆசை வந்தது. "ஒன்பது மாசமாவது ஆகட்டும். அப்பவும் ரெண்டு காலோட பலத்தையும் நான் பார்த்துட்டுத்தான் சொல்வேன்" என்று அவர் கறாராக நின்றார். மற்ற பிள்ளைகளுக்கு, காயத்தைத் தடுக்க உதவும் ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். பந்தைத் தொடும் முன் இருபது நிமிஷம்: ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்காமல் பார்த்துக்கொள்வது, தொடையின் பின்தசைக்கு வலுவேற்றுவது. பிள்ளைகள் முதலில் முனகினார்கள். இப்போது நான் வரத் தாமதமானாலும் அவர்களே தொடங்கிவிடுகிறார்கள்.

நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் அக்காவை நான் மறக்கவே முடியாது. ஆட்டம் இருக்கும் நாட்களில் எங்கள் பிள்ளைகளை விடிகாலைக் குழுவில் சேர்த்து, பத்து மணிக்கெல்லாம் கரையேற்றி அனுப்பினார். மீதி நாற்றை மற்றப் பெண்கள் பங்குபோட்டு நட்டார்கள். கூலியில் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. நடவுப் பெண்களே, அந்தச் சாயங்கால ஆட்டங்களில் உங்கள் உழைப்பும் இருந்தது.

கோல்கீப்பரின் விரல் பிசகியபோது, பக்கத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியை தன் வாலிபால் மாணவி ஒருத்தியை அனுப்பிவைத்தார். கோல்கீப்பர் கையுறை போட்டே பழகாத பெண். முதல் கார்னர் கிக் உயரமாக வந்தது. கூட்டத்துக்கு நடுவே எம்பி, இரண்டு கையையும் சேர்த்துப் பந்தைத் தள்ளிவிட்டாள். அது பெனால்டி ஏரியாவுக்கு வெளியே போய் விழுந்தது. எங்கள் தடுப்பாட்டக்காரிகளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கோடையில் நம் களிமண் திடல் பாளம் பாளமாக வெடித்துவிடும். சுளுக்குக்குப் பாதிக் காரணம் அந்த வெடிப்புதான். கேட்ட மறுநாளே மணல் கலந்த மண் அடித்து, பரம்படித்துச் சமன்செய்து தந்த டிராக்டர்காரருக்கு நன்றி. வீங்கிய காலுக்கெல்லாம் தன் பெட்டியிலிருந்து ஐஸ் அள்ளிக்கொடுத்த மீன் கடை அண்ணனுக்கும் நன்றி. மழையில் பஸ் வராத அன்று ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சம்மதித்த நாகப்பட்டினம் பக்கத்து அணிக்குத் தனி நன்றி. புள்ளிகளை அவர்கள் சும்மாவே வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

அப்புறம் பெற்றோர்கள். முழங்கால் காயத்தைப் பார்த்ததும் சில வீடுகளில் "போதும், நிறுத்திக்கோ" என்றார்கள். பயம் நியாயமானது. வீடு வீடாகப் போய்ப் பேசியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியதையும், காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனதையும், தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசியப் பட்டம் வென்றதையும் அவர் எடுத்துச் சொன்னார். நிறுத்தியவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

தை அறுவடை முடிந்ததும் பயிற்சி மறுபடி தொடங்குகிறது. காலை ஐந்தரைக்குத் திடலில் இருப்போம். ஆட ஆசைப்படும் பெண் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள். பழைய பூட்ஸ் எங்களிடம் இருக்கிறது, பத்தாததை நான் ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
அணி மேலாளர்